உட்கார்ந்தபடியே வைக்கக்கூடிய குடில்: பெரிய கடைவீதியில் வாங்கியது

கோயமுத்தூர் பெரிய கடைவீதியில், புனித மிக்கேல் பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சுரூபம், அதாவது கிறிஸ்துவச் சாமி சிலை, விற்கிற ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். வருஷம் முழுக்க ஜெபமாலை, மெழுகுவர்த்தி, படம் விற்கிற சின்னக் கடை. நவம்பர் கடைசியில் வாசலில் பந்தல் இழுத்து ஸ்டார் தொங்கவிடுவார்கள். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை.

எனக்கு 71 வயது. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் 31 வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தேன். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு, இயேசு பிறந்த தொழுவத்தைச் சுரூபங்களால் காட்டுகிற குடிலை வைப்பது எப்போதும் என் வீட்டுக்காரம்மாதான். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு கிறிஸ்மஸ் நோம்பிகூட விட்டதில்லை. ஸ்டார் கட்டுவது, வயர் இழுப்பது என் வேலை. மலை, குகை, வைக்கோல், சுரூபம் எல்லாம் அவள் வேலை. 2023 ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை பலம் குறைந்துபோனது. அந்த டிசம்பரில், மாதாவின் கணவர் சூசையப்பரின் 12 அங்குல பிளாஸ்டர் சுரூபத்தை எடுக்கும்போது கை நழுவி உடைந்துவிட்டார். அவள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி முறத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் 2024-ல் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்கே வந்து அலங்காரம் பண்ணித் தருகிறவர்களைப் பிடித்தேன். 6,500 ரூபாய். மூன்று பையன்கள் டிசம்பர் 18-ந் தேதி வந்து 40 நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளிச் சரிகை, நீல விளக்கு, 5 அடி மரம், தெர்மகோல் குகை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரம்பரைக்கு, அதாவது விருந்துக்கு, வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாலனை இப்பவே வச்சுட்டாங்களே" என்றாள். பாலன் என்றால் குழந்தை இயேசு. எடுக்கப் போனால் வரவில்லை. பசைத் துப்பாக்கியால் தீவனத்தொட்டியோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். எங்களைப் போன்ற கத்தோலிக்கர் வீடுகளில் டிசம்பர் 24-ந் தேதி நடுராத்திரி வரைக்கும் அந்தத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். திருவருகைக் காலம் நாலு வாரமும் காத்திருப்பதே அதற்குத்தான். ஃபோன் பண்ணிச் சொன்னேன். "விழுந்துடக் கூடாதுன்னுதான் ஒட்டினோம் சார்" என்றார்கள். தப்பான எண்ணமில்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் நடுராத்திரி மணியடித்தபோது எங்கள் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

போன நவம்பர் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்தக் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போனால் அந்த வீதியில் ஆட்டோ ஒரு நிமிஷம் நிற்க முடியாது. வயசானவர்கள் இறங்குவதற்குள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

கடையம்மா நாற்பத்தைந்து வயசிருக்கும். நாங்கள் போனதும் முதல் வேலையாக உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "எத்தனை இஞ்ச் செட்டு வேணுங்?" என்று கேட்கவில்லை. "அம்மா, எந்தக் கையில எடுத்து வைப்பீங்?" என்று கேட்டார். எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. 12 அங்குலம், 9 அங்குலம், 6 அங்குலம் மூன்றிலும் ஒவ்வொரு மாதாவை எடுத்து அவள் முன்னால் வைத்து, "புடிச்சுப் பாருங்" என்றார். 9 அங்குலம் இடது கையில் நின்றது, வலது கையில் நிற்கவில்லை. 6 அங்குலம் இரண்டிலும் நின்றது. வலது கையில் பிடித்து அவளே கண்ணாடி மேஜையில் வைத்தாள். லேசாக ஆடி நின்றது. அடிப்பாகம் அகலமாக இருக்கிற செட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

சிறிசாக இருக்கிறதே என்று எனக்குத்தான் வருத்தம். அவளுக்கு இல்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதல் குடில் வைத்தபோது பொம்மையே இல்லையாம். வைக்கோல் போட்ட ஒரு தீவனத்தொட்டி, பக்கத்தில் உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. பங்குக் கோயிலில் சாமியார் சொன்னதை அவள் ஞாபகம் வைத்திருந்து கடையிலேயே எனக்குச் சொன்னாள். "அளவுல என்ன இருக்குதுங்" என்று கடையம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

செட் ரெசினில் செய்தது, 13 உருப்படி, 2,200 ரூபாய். வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன், சூசையப்பர் 180 கிராம். பழைய பிளாஸ்டர்காரர் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தார். வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நிறைய செட்டில் பாலனும் தொட்டியும் ஒரே வார்ப்பாக வரும். அதில் பாலனைத் தனியாக எடுக்க முடியாது. இந்தச் செட்டில் பாலன் தனி, தொட்டி தனி. பாலன் ஒரு சுண்டுவிரல் நீளந்தான். கீழே போட்டால் தேட வேண்டியிருக்குமே என்று வெசனப்பட்டபோது, கடையம்மா ஒரு சிவப்பு வெல்வெட் துண்டை வெட்டிச் சின்ன மெத்தை மாதிரி மடித்து, "இதோட சேத்து எடுத்து வையுங்" என்று கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மாடு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. செவலை நிறத்தில், கொம்பில்லாமல், நம் ஊர் மாடு மாதிரியே இல்லை. நான் வளர்ந்தது காங்கேயத்துக்குப் பக்கம். திமிலும் கொம்புமாக நிற்கிற மயிலைக் காளையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒட்டவில்லை. வேறு மாடு வாங்கி வைக்கலாம் என்றேன். அவள், "காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தானுங்க இருக்கும், ஆறு மாசத்துலதானே நெறம் மாறும். இது கன்னுக்குட்டின்னு வச்சுக்கலாம்" என்றாள். வாஸ்தவந்தான். அது கன்றாகவே இருந்துவிட்டது.

ஸ்டார் விஷயத்தில் கொஞ்சம் நிறைய எழுதுகிறேன், அது என் தொழில். முன்பெல்லாம் காகித ஸ்டாருக்குள் 40 வாட் குண்டு பல்பு போடுவோம். அந்த பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். காகிதம் பழுப்பேறிக் கருகினதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு முதல் பன்னிரண்டு வரை எரித்தால் அது மாதத்துக்கு 7 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இந்தக் கடையில் வாங்கினது 2 அடி பிளாஸ்டிக் ஸ்டார், உள்ளே 5 வாட் எல்இடி, விலை 450. மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. ஆனால் நான் அதை எடுத்தது மிச்சத்துக்காக இல்லை. அடாப்டர் தனியாக, வீட்டுக்குள்ளேயே பிளக்கில் இருந்துகொள்கிறது. வெளியே போகிற வயரில் 12 வோல்ட்தான். மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்க நனைகிற வயரில் 230 வோல்ட் போகக் கூடாது. மலிவான சீரியல் செட்டுகளில் வயர் நூல் மாதிரி இருக்கும், நேரே மெயினில் செருகச் சொல்வார்கள். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அதை நான் மாட்ட மாட்டேன். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்கே கரண்டைத் துண்டித்துவிடுகிற ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் ஏணி. இந்த வயதில் ஏணி ஏறுவதில்லை என்று நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனை ஒரே ஒரு தடவை ஏற்றி, சன்ஷேடு கொக்கியில் ஒரு சின்னக் கப்பி மாட்டி நைலான் கயிறு கோத்துக்கொண்டேன். கிணற்றில் வாளி இறைக்கிற அதே கப்பிதான். இப்போது கீழே நின்று கயிற்றை இழுத்தால் ஸ்டார் மேலே போகும், காற்றடித்தால் இறக்கிக்கொள்ளலாம். நவம்பர் 30, திருவருகைக் கால முதல் ஞாயிறு அன்று அவள் இடது கையால் இழுத்து ஏற்றினாள். கயிற்றை முடிச்சுப் போட்டது மட்டுந்தான் நான்.

மரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேஜை மேல் வைக்கிற 2 அடி மரம் 380 ரூபாய்க்கு வாங்கினோம். பரவாயில்லை.

பனி மாதிரி போடுவதற்குப் பஞ்சுப் பொட்டலம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். பஞ்சாலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூமில் ஒரு பொறி பட்டால் பஞ்சில் தீ எப்படி ஓடும் என்று தெரிந்தவன், விளக்குக்குப் பக்கத்தில் பஞ்சு வைக்க மாட்டேன். எங்கள் குடிலில் பனி வேண்டியதும் இல்லை. சோளத்தட்டு ஒரு கட்டு, வைக்கோல் ஒரு பிடி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியிலிருந்து செம்மண். வட்டல் இரண்டில் மண் போட்டு, ஒரு ராத்திரி ஊறின கம்பை டிசம்பர் 14 அன்று தூவி, ஈரத்துணி மூடினோம். மூன்றாம் நாள் முளை கண்டதும் துணியை எடுத்து வெயிலில் வைத்தாள். இருட்டிலேயே விட்டால் முளைப்பாரி மாதிரி மஞ்சளாக வளரும், குடிலுக்குப் பச்சைதான் வேண்டும். தினமும் அவள் எழுந்தவுடன் தண்ணீர் தெளிப்பாள். எதிர்வீட்டு அம்மா மார்கழிக் கோலம் போட்டு முடித்துவிட்டு வந்து, "எத்தனை விரக்கடை வளந்திருக்குதுங் அக்கா?" என்று கேட்டுப் போவார். பிசியோதெரபியில் பந்தை அமுக்கச் சொன்னால் பத்துத் தடவையில் சலித்துக்கொள்கிறவள், சோளத்தட்டை ஒடித்து நூல் கட்டி கூரை வேய மூன்று நாள் உட்கார்ந்தாள். குடிலைத் தரையில் வைக்காமல் சாப்பாட்டு மேஜையின் பாதியில் வைத்ததால் குனிய வேண்டியிருக்கவில்லை. மீதிப் பாதியில் நாங்கள் சாப்பிட்டோம்.

இனி கடையின் குறைகள். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. நாற்காலி போடத் தெரிந்த கடையில் இது இப்படி இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவளை நானும் கடைப் பையனும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம். தனியாக வருகிற கிழவி என்ன செய்வாள்? அடுத்தது பில். கேட்டால்தான் கொடுக்கிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது எனக்குக் கைகொடுத்தது, ஏனென்றால் ஸ்டாரின் அடாப்டர் பன்னிரண்டாம் நாள் செத்துவிட்டது. தொட்டால் சுட்டது, அப்போதே எடுத்துவிட்டேன். பில்லோடு போனேன், மறுபேச்சில்லாமல் வேறு கொடுத்தார்கள். இரண்டாவது இன்றுவரை சூடாகவில்லை. ஆனாலும் வாங்கும்போதே கடையில் அரைமணி நேரம் எரியவிட்டு, அடாப்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு முகத்தில் பெயிண்ட் வழிந்திருந்ததையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், அது என் கவனக்குறைவு.

24-ந் தேதி ராத்திரி பனிக்குப் பயந்து நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை, காலைத் திருப்பலிக்குப் போவதாக ஏற்பாடு. மகன் குடும்பம் ஓசூரிலிருந்து வந்திருந்தது. கச்சாயம் சுட்ட எண்ணெய் வாசம் வீடு முழுக்க. கம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி கேட்டதும் பேத்தி வெல்வெட் துண்டோடு பாலனை எடுத்து அப்பத்தாவிடம் கொடுத்தாள். அவள் வலது கையில்தான் வாங்கினாள். வைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வைத்துவிட்டு, கன்றுக்குட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினாள்.

ஜனவரி 11 கழித்துப் பிரித்தோம். ஒவ்வொரு சுரூபத்தையும் செய்தித்தாளில் சுற்றி, செருப்பு வாங்கின அட்டைப்பெட்டிகளில், பூச்சி வராமல் வசம்புத் துண்டு போட்டு வைத்தோம். அட்டாலியில் ஏற்றவில்லை. கைக்கெட்டுகிற பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. 6 அங்குல செட் என்பதால் இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டது.

வயசானவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கடையை நான் சொல்வேன். வாங்கப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள், அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள். அடாப்டரை மாற்றப் போன அன்று படிக்கட்டைப் பற்றியும் கடையம்மாவிடம் சொன்னேன். வீதிப் பக்கம் இடம் குறைவு, சுவரோடு ஒரு கைப்பிடி வேண்டுமானால் போடலாம் என்றார். வீட்டில் மூன்றடி ஜிஐ பைப் ஒன்று சும்மா கிடக்கிறது, இரண்டு கிளாம்ப் இருந்தால் போதும், நானே வந்து அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். வர்ற நவம்பரில் போகும்போது டிரில்லிங் மெஷினும் எடுத்துப் போவேன்.