கோத்தகிரி வீட்டில் மூன்று கிலோவாட் சோலார்: ஒன்றரை வருஷம் ஓட்டிய பிறகு

ஐந்துக்கு மூன்று மார்க். பேனலுக்கு அஞ்சு போடலாம், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு நாலு, வந்து மாட்டிய கம்பெனிக்கு ரெண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

பெயர் வேண்டாம், கீழே சமவெளியில் இருக்கும் கம்பெனி. மானிய வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு உள்ள 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, நாம் லைனுக்கு அனுப்பும் கரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டருக்கும் நான் அலையவில்லை.

கோளாறு எல்லாம் கூரையில்தான். இடம் பார்க்க வந்தது மே மாசம், நடுப்பகல். எங்கே பார்த்தாலும் வெயில். "சார், நிழலே இல்லை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கேரண்டி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மே மாசம் சூரியன் வடக்கே சாய்ந்து உதிக்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே தள்ளி. அந்தத் தென்கிழக்கு மூலையில்தான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் நிற்கிறது. டிசம்பரில் ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு போனில் இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்தால் உற்பத்தி கிராஃபில் யாரோ கடித்து வைத்த மாதிரி ஒரு பள்ளம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மரத்தின் அடித்தண்டு நிழல், ஒரு கை அகலம்தான், இரண்டு பேனலுக்குக் குறுக்கே படுத்திருந்தது. ஆறு பேனலையும் ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையாகக் கோர்த்தது என்பதால் அந்த ரெண்டின் நஷ்டத்தோடு போகாமல் மொத்தமும் தடுமாறுகிறது. மலையில் மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், மரமும் நம்முடையது இல்லை. தோட்டக்காரர் நல்ல மனுஷன், கிளை கழித்துக் கொடுத்தார், தண்டை என்ன செய்ய?

அடுத்தது மூடுபனி. எங்கள் பக்கம் பல நாள் காலை பளிச்சென்று இருக்கும், மதியம் ஒன்றரை ரெண்டு மணிக்கு, கீழேயிருந்து ஏறி வந்து மூடிவிடும். அப்படிப்பட்ட ஊரில் நாலு பேனலைக் கிழக்குச் சரிவிலும் ரெண்டை மேற்குச் சரிவிலும் மாட்டி, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்திருந்தார்கள். மூணு மாசம் போனில் சண்டை போட்ட பிறகு ரெண்டையும் கிழக்கே மாற்றினார்கள், அதற்கும் கூலி என் தலையில்.

குளிரில் பேனல் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: குளிர்தான் அதற்குப் பிடிக்கும். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். மேட்டுப்பாளையத்தில் மச்சான் வீட்டிலும் இதே அளவுதான். பிப்ரவரியில் மேகமில்லாத ஒரு நாள் எனக்கு 16 யூனிட், அவருக்கு 14. ஆனால் நவம்பர் அடைமழையில் எனக்கு ஒரு நாள் முழுக்க 1.1 யூனிட் வந்தது, அன்றைக்கு அவர் போன் செய்து விசாரித்த விதம் இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

வருஷ சர்வீஸ் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவக் காசு கேட்கிறார்கள், இங்கே மழையே கழுவிவிடும். கீழ் ஓரச் சட்டத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது, பழைய துணியே போதும். குரங்குதான் பெரிய தொல்லை, காலையில் பேனல் மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து குளிர் காய்கிறது, ஒருமுறை ஒயரையே இழுத்துப் போட்டுவிட்டது.

இன்னொன்று, இதை அவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லைனில் மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் நல்ல வெயில், ஆனால் வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, இ.பி. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத இந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடுமாம்.

இப்போது பேட்டரி போடலாம் என்று அதே ஆள் போன் செய்கிறார். டிசம்பரில் ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு வந்து ஏணியில் ஏறுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.