லாராவெல் 11: கன்ஸ்ட்ரக்டரிலேயே பயனர் கிடைப்பாரா?

ஆத்தங்குடிக் கல் விற்பவர், காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருப்பவர், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விருந்தினருக்கு விடுபவர் என மூவருக்கும் ஒரே செயலி என்றால், எந்தக் கடை, உள்ளே வந்திருப்பவர் யார் என்பது ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் (வரும் வேண்டுகோளைக் கையாளும் கிளாஸ்) முதலிலேயே தெரிய வேண்டும். கை தானாகக் கன்ஸ்ட்ரக்டருக்குத்தான் (கிளாஸ் உருவாகும்போதே ஓடும் மெத்தட்) போகும். லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் பலர் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

5.3 முதல் 10ஆம் பதிப்பு வரை, கன்ஸ்ட்ரக்டரில் ரிக்வெஸ்ட் (பிரவுசர் அனுப்பிய வேண்டுகோள்) கிடைக்கும். ஹெடர், ஐபி, குவரி எல்லாம் சரியாக வரும். உள்நுழைந்த பயனரைக் கேட்டால் மட்டும் நல் (null, அதாவது வெறுமை). கன்ட்ரோலருக்குள்ளேயே மிடில்வேரைப் (ரிக்வெஸ்ட் வழியில் கடந்து வரும் இடைச் சோதனை) பதிவு செய்யலாம் என்பதால், அந்தப் பட்டியலை வாங்கவே லாராவெல் கன்ட்ரோலரை முதலில் உருவாக்கிவிடுகிறது. செஷனைத் (பயனர் யார் என்பதை நினைவில் வைக்கும் பதிவு) திறக்கும் மிடில்வேர் அதற்குப் பிறகுதான் ஓடும். 5.2இல் ஓடிய நிரல், 2016இல் 5.3 வந்ததும் படுத்துக்கொண்டது இதனால்தான். ரூட் பராமீட்டரும் (முகவரியில் வரும் கடை எண் போன்றது) அப்படியே: கடை மாடலை, அதாவது தரவுத்தளத்தின் கடைப் பதிவை, எதிர்பார்த்தால் கையில் வருவது '7' என்ற வெறும் ஸ்ட்ரிங். ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றிய பிறகே சிமென்ட் விழ வேண்டும். வரிசை மாறினால் பூ விழாது. இங்கேயும் கோளாறு வரிசையில்தான்.

பழைய பதிப்பில் மாட்டியவர்கள் கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு குளோஷர் (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்) மிடில்வேர் எழுதி, பயனரையும் கடையையும் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். வெப் குழுவின் மிடில்வேர்கள் முடிந்த பிறகே அது ஓடும். கடைசி வரியில் நெக்ஸ்ட்டை (அடுத்த கட்டத்தை அழைக்கும் ஃபங்ஷன்) ரிட்டர்ன் செய்ய மறந்தால் பதில் நல்லாகிவிடும் (null), வெப் குழுவின் மிடில்வேரில் பிழை வெடிக்கும்.

2024இல் வந்த 11 இதை உண்மையாகவே சரி செய்திருக்கிறது. புதிய புராஜெக்டின் அடிப்படை கன்ட்ரோலர் எதையும் எக்ஸ்டெண்ட் செய்யாத வெறும் கிளாஸ். மிடில்வேர் வேண்டுமானால் ஹேஸ்மிடில்வேர் இன்டர்ஃபேஸின் ஸ்டாட்டிக் மெத்தடில் சொல்கிறோம். அதற்காகக் கன்ட்ரோலரை உருவாக்கத் தேவையில்லை. மிடில்வேர்கள் ஓடி முடிந்த பிறகே கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதால் பயனரும் செஷனும் அங்கே கிடைக்கின்றன. இந்த ஒரு மாற்றத்துக்காகவே 11ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

ஆனால் 10இலிருந்து 11க்கு ஏற்றிய செயலியில் பழைய அடிப்படை கன்ட்ரோலர் ஃபைல் அப்படியே இருக்கும். அது லாராவெலின் ரூட்டிங் கன்ட்ரோலர் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்துகொண்டிருக்கும்வரை பழைய வரிசையே தொடரும். "11 போட்டும் நல் வருகிறதே" என்பவர்கள் முதலில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். அதே செயலியில் எல்லா ரூட்களையும் பட்டியலிடும் ரூட்:லிஸ்ட் கட்டளை ஓட்டினாலும் கன்ஸ்ட்ரக்டர்கள் ஓடும். அப்போது ரூட்டே கிடையாது. கடை எண்ணை அங்கே தேடினால் டெர்மினலில் பிழை வெடிக்கலாம்.

எந்தப் பதிப்பானாலும் கடையைக் கண்டுபிடிப்பதைத் தனி மிடில்வேரில் வைத்து, ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்டில் போட்டுவிடுவது நல்லது. ஆக்டேனில் (செயலியை ஒருமுறை ஏற்றி நினைவிலேயே வைத்திருக்கும் லாராவெல் கருவி) ஓட்டுபவர்கள் சிங்கிள்டன் (ஒருமுறை மட்டும் உருவாகி எல்லோருக்கும் பயன்படும்) கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் ரிக்வெஸ்டைப் பிடித்து வைக்கவே கூடாது. அடுத்தவர் வரும்போதும் முந்தையவரின் ரிக்வெஸ்டே உள்ளே உட்கார்ந்திருக்கும், சேலைக் கடைக்காரர் கல் கடையின் ஆர்டரைப் பார்ப்பார்.