மனச்சோர்வுக்கு ஆன்லைன் பயிற்சி: தனியாகவா, துணையோடா, விளையாட்டாகவா?

மனச்சோர்வுக்கு ஆன்லைன் பயிற்சி என்று தேடினால் வந்து விழும் ஆப்கள் எல்லாம் ஒரே சரக்கு போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் மூன்று ரகம். நாமே உட்கார்ந்து படித்து முடிக்கும் சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் மனச்சிகிச்சை) பாடங்கள் ஒன்று. பாடம் அதேதான், ஆனால் நாம் எழுதியதை வாரா வாரம் ஒரு சிகிச்சையாளர் படித்துப் பதில் போடுவார் என்பது இன்னொன்று. மூன்றாவது, மூளைக்கே பயிற்சி தருகிறேன் என்று வரும் விளையாட்டு மாதிரியான ரகம்.

இப்போது அதிகம் பேசப்படுவது மூன்றாவதுதான். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற ரிஜாய்ன் என்ற ஆப் இதற்கு நல்ல உதாரணம். திரையில் ஒரு முகம் வரும். சோகமா, கோபமா, மகிழ்ச்சியா என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து முகங்கள் வந்துகொண்டே இருக்கும். சில முகங்களுக்கு முன்னால் பார்த்த உணர்ச்சியும் இதுவும் ஒன்றா என்று சொல்ல வேண்டும். உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதியையும் யோசித்து முடிவெடுக்கும் பகுதியையும் சேர்த்து வேலை வாங்குவதுதான் நோக்கம். ஆறு வாரப் பயிற்சி, கூடவே சின்னச் சின்ன சி.பி.டி. பாடங்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 386 பேரை வைத்து நடத்திய சோதனையில், 60 புள்ளி வரை போகும் மனச்சோர்வு அளவுகோலில் ரிஜாய்ன் பயன்படுத்தியவர்களுக்குச் சுமார் 9 புள்ளி குறைந்தது; டம்மி ஆப் கொடுக்கப்பட்டவர்களுக்கும் சுமார் 7 குறைந்துவிட்டது. அனுமதியும் 22 வயதும் அதற்கு மேலும் ஆகி, ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான், அதுவும் மருத்துவர் சீட்டோடு. சாம்பாருக்கு அப்பளம் மாதிரி. அதை மட்டும் சாப்பிட்டு வயிறு நிறையாது.

சரி, தனியாகப் படிக்கும் பாடங்கள்? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான மூட்ஜிம், பிரிட்டனின் பீட்டிங் தி ப்ளூஸ் இரண்டையும் வைத்து பிரிட்டனில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 2015-ல் முடிவு வந்தது. குடும்ப மருத்துவரிடம் வந்த 691 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: வழக்கமான சிகிச்சை மட்டும், அதோடு மூட்ஜிம், அதோடு பீட்டிங் தி ப்ளூஸ். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மூட்ஜிம் குழுவில் குறைந்தது பாதிப் பேர் ஆறில் ஒரு பாடத்தைத் தாண்டவில்லை. பீட்டிங் தி ப்ளூஸில் எட்டில் இரண்டைத் தாண்டவில்லை. எழுந்து குளிக்கவே மனசு வராத ஒருவரிடம் ஆறு பாடத்தைக் கொடுத்து "நீங்களே முடியுங்கள்" என்றால் வேறு என்ன நடக்கும்? அந்த முனைப்பைத்தானே நோய் முதலில் பறித்துக்கொள்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். அதே மூட்ஜிம்மை, தொலைபேசியில் ஒருவர் வழிநடத்த 369 பேரை வைத்து மறுபடி சோதித்தார்கள். நான்கு மாதத்தில் பலன் தெரிந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 2023-ல், எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பீட்டிங் தி ப்ளூஸையே, ஜெர்மனியின் டெப்ரெக்ஸிஸ் போன்றவற்றோடு சேர்த்து, பயன்படுத்தலாம் என்று சொன்னது. முக்கியமான நிபந்தனை: பயிற்சி பெற்ற ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும்.

அந்தத் துணை மணிக்கணக்கில் பேசுவார் என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் வருடக்கணக்காக நடக்கும் இணைய கிளினிக்குகளில் சிகிச்சையாளர் ஒரு நோயாளிக்கு வாரத்தில் செலவிடுவது பெரும்பாலும் கால் மணி நேரம்தான். "சனிக்கிழமை காலை 7 மணி, செடிகளுக்குத் தண்ணீர்" என்று நீங்கள் எழுதியிருந்தால், செவ்வாய்க்கிழமை அவர் கேட்பார்: ஊற்றினீர்களா, அப்புறம் மனசு எப்படி இருந்தது? கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பலர் செம்பை எடுத்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. பல சோதனைகளில் கலந்துகொண்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-ல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மனச்சோர்வு எவ்வளவு என்று மதிப்பெண் போடும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 5 முதல் 9 வரை, அதாவது லேசான சோர்வு அளவு, எடுப்பவர்களுக்குத் தனியாகப் படித்தாலும் துணையோடு படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் போகப் போகத் துணையின் மதிப்பு கூடுகிறது.

அதனால் என் கணக்கு இப்படி: லேசான சோர்வு என்றால் இலவசமான, தனியாகச் செய்யும் பாடமே போதும், வீட்டில் அக்காவோ நண்பரோ வாரம் ஒருமுறை "எத்தனாவது பாடம்?" என்று கேட்டால் இன்னும் நல்லது. 10-ஐ எட்டினால் துணையில்லாத ஆப்புக்குப் பணம் கட்ட மாட்டேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கும் பயிற்சியாகத் தேடுவேன். 20-க்கு மேல் என்றால் ஆப் பற்றிய பேச்சே அப்புறம்தான்.

பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தினசரி ஒரு சின்ன வேலையைத் திட்டமிட்டுச் செய்ய வைக்கும் பகுதி உதவுகிறது என்று 2021-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சொல்கிறது. மழைச் சத்தம் போட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்லும் பயிற்சி தூங்க உதவலாம். மனச்சோர்வுக்கு அது பாதகமாகக்கூட இருக்கலாம் என்பது அதே ஆய்வின் கணிப்பு.

பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எது பதிலானாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.