கனடா சிட்டிசன்ஷிப்: 2019 லேண்டிங்ல இருந்து ஓசிஐ கைக்கு வர்ற வரைக்கும்

பிஆரா, அதாவது கனடாவுல நிரந்தரமா குடியிருக்கிற அனுமதியோட, டொரன்டோல வந்து இறங்கினதுல இருந்து, சிட்டிசன் ஆகி ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கிறது) கைக்கு வர்ற வரைக்கும் எங்களுக்கு அஞ்சரை வருஷம் ஆச்சு. பாரம் நிரப்புறது, டெஸ்ட் எழுதுறது பத்தியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்காங்க, அது அவ்வளவு கஷ்டமும் இல்ல. ஊர்ல வயசான அம்மாவோ அப்பாவோ இருக்கும்போது இந்த அப்ளிகேஷன் போட்டா நடுவுல என்னென்ன வரும்னு எனக்கு யாரும் சொல்லலை. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

நாங்க மூணு பேர், நான், என் வீட்டுக்காரர், அப்ப ரெண்டு வயசு பொண்ணு. 2019 மார்ச் 9 லேண்டிங். பதிமூணு நாள் இருந்துட்டு சென்னைக்கு திரும்பிட்டோம், ஆபீஸ்ல நோட்டீஸ் பீரியட் முடிக்கணும், வீட்டை காலி பண்ணணும். ஆகஸ்ட் 3ம் தேதிதான் நிரந்தரமா ஸ்கார்பரோ வந்தோம். சிட்டிசன்ஷிப் கணக்கு என்னன்னா, அப்ளை பண்ற தேதிக்கு முந்தின அஞ்சு வருஷத்துல 1095 நாள் கனடா மண்ணுல இருந்திருக்கணும். நடுவுல 2015ல இதை ஆறு வருஷத்துல 1460 நாள்னு கூட்டியிருந்தாங்க, 2017 அக்டோபர்ல அதை அஞ்சு வருஷத்துல 1095 நாள்னு குறைச்சாங்க, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அந்த மாற்றத்துக்கு நடுவுல மாட்டிட்டு தவிச்சதை சொல்லி சொல்லி காட்டுவார். ஸ்டூடண்ட்டாவோ ஒர்க் பெர்மிட்லயோ வந்தவங்களுக்கு பிஆருக்கு முந்தின ஒவ்வொரு நாளும் அரை நாளா சேரும், அதிகபட்சம் 365 நாள் வரைக்கும். எங்களுக்கு அது கிடையாது, நேரா பிஆர்ல வந்தோம்.

2021 ஏப்ரல் 6 அன்னைக்கு பொண்ணை மட்டும் கூட்டிட்டு நான் ஊருக்கு கிளம்பினேன். அப்பாவுக்கு கொரோனா. எங்க ஊர் கும்பகோணம் பக்கம், ரெண்டு ஏக்கர் நஞ்சை, அதுதான் அப்பாவோட உலகம். நான் போய் ரெண்டு வாரம் ஆனதும் ஏப்ரல் 22ல இந்தியாவுல இருந்து வர்ற நேரடி விமானத்தையெல்லாம் கனடா நிறுத்திட்டாங்க. மே மாசம் அப்பா போயிட்டார். ஊரடங்கு, காரியத்துக்கு சொந்தக்காரங்ககூட முழுசா வர முடியலை. வேற நாடு வழியா சுத்தி வரலாம், அங்க டெஸ்ட் எடுத்துட்டு ஏறலாம்னு வழி இருந்துச்சு, ஆனா நாலு வயசு குழந்தையை வச்சுக்கிட்டு எந்த ஊர் ஏர்போர்ட்ல மாட்டுவோமோன்னு பயம், அதைவிட அம்மாவை தனியா விட்டுட்டு கிளம்ப மனசு வரலை. வாரிசு சர்டிபிகேட் வாங்கணும், பட்டா பேர் மாத்தணும், தாலுகா ஆபீஸே பாதி நாள் பூட்டிக் கிடந்தது. செப்டம்பர் 27ல தடை எடுத்தாங்க, நான் அக்டோபர் 11 அன்னைக்கு வந்து சேர்ந்தேன்.

187 நாள். கிளம்புற நாளும் வந்து இறங்குற நாளும் கனடாவுல இருந்த நாளாத்தான் சேரும், அதை கழிச்சும் 187. அப்ப இந்த கணக்கெல்லாம் என் மண்டைல இல்லவே இல்ல. 2023ல பாரம் நிரப்பும்போதுதான் கேள்வி வந்துச்சு, கடைசி நாலு வருஷத்துல வேற ஏதாவது ஒரு நாட்டுல தொடர்ந்து 183 நாளோ அதுக்கு மேலயோ இருந்தீங்களான்னு. இருந்தா அந்த நாட்டு போலீஸ் சர்டிபிகேட் வேணும். அஞ்சு நாள் முன்னாடி டிக்கெட் போட்டிருந்தா அது தேவையே பட்டிருக்காது. ஆனா அந்த அஞ்சு நாள்ல என்ன பண்ணிட்டு இருந்தேன்னு யோசிச்சா, அம்மாகூட திண்ணைல உக்காந்து அப்பாவோட பழைய சட்டையெல்லாம் யாருக்கு குடுக்கறதுன்னு பிரிச்சுட்டு இருந்தோம், அந்த அஞ்சு நாளை நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். டொரன்டோலயே இந்திய தூதரக சேவை மையத்துல அப்ளை பண்ணி சர்டிபிகேட் வாங்கினேன். முடியாத வேலை இல்ல, என்ன, முன்னாடியே தெரிஞ்சிருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து பதறியிருக்க மாட்டேன்.

இன்னொண்ணு முழுக்க என் தப்பு. 2022 ஜூலைல நயாகரா போனப்போ ரெயின்போ பாலம் தாண்டி அமெரிக்கா பக்கம் போய் மத்தியானம் சாப்பிட்டுட்டு சாயங்காலமே திரும்பிட்டோம், சென்னைல ஆபீஸ்ல எடுத்துக் குடுத்த அமெரிக்க விசா எங்க ரெண்டு பேருக்கும் அப்ப செல்லுபடியா இருந்துச்சு. ஒரே நாள்ல போயிட்டு வந்தா நாள் குறையாது, ஆனா பாரத்துல வெளிநாட்டுப் பயண லிஸ்ட்ல எழுதியே ஆகணும், நான் சுத்தமா மறந்துட்டேன். சப்மிட் பண்றதுக்கு முந்தின நாள் போன்ல போட்டோ தேடிட்டு இருக்கும்போது அருவியை அந்தப் பக்கத்துல இருந்து எடுத்த படம் கண்ணுல பட்டுச்சு, நெஞ்சு திக்குனு ஆயிருச்சு. எல்லையை தாண்டின தேதி கனடா அதிகாரிங்க கைல இருக்கும், நம்ம லிஸ்ட்டுல இல்லைன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால தயவு செஞ்சு முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டுல தேதி எழுதி வைங்க, எந்த நாடு, எப்ப போனீங்க, எப்ப வந்தீங்க, எதுக்கு போனீங்க. இப்பவே மறந்து போயிருந்தா போன் போட்டோ, பழைய டிக்கெட் ஈமெயில், பாஸ்போர்ட் முத்திரை மூணையும் சேத்து வச்சுப் பாருங்க, வந்துரும்.

அப்பா இல்லாத முதல் பொங்கலை விட்டுட்டோம், அடுத்ததுக்காவது அம்மாகூட இருக்கணும்னு 2022 டிசம்பர்ல கிளம்பிட்டு, லீவு பத்தாம பொங்கலன்னைக்கே பிளைட் ஏறினது தனி வருத்தம். அதுல ஒரு 27 நாள் போச்சு. எல்லாம் கழிச்சு 2023 மார்ச் 25 அன்னைக்கு அப்ளை பண்ணும்போது என் கணக்குல 1129 நாள். 34 நாள் கூடுதலா வச்சுக்கிட்டேன். 1095 ஆன மறுநாளே ஓடாதீங்க, ஒரு ட்ரிப்ல ரெண்டு நாள் தப்பா கணக்கு போட்டிருந்தாகூட மொத்த அப்ளிகேஷனும் போயிடும்.

பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். அஞ்சு வருஷத்துல மூணு வருஷம் டாக்ஸ் பைல் பண்ணியிருக்கணும். மொழிக்கு, பிஆருக்கு எழுதின ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் தேர்வோட பழைய ரிசல்ட்டையே வச்சோம், காலாவதி ஆனதுதான், இதுக்கு ஏத்துக்கிட்டாங்க. 55 வயசு ஆயிட்டா மொழியும் வேண்டாம், டெஸ்ட்டும் வேண்டாம், இது அப்பா அம்மாவை கூட்டிட்டு வந்தவங்களுக்கு பெரிய நிம்மதி. போட்டோ 50க்கு 70 மில்லிமீட்டர், இந்தியா பாஸ்போர்ட் சைஸ் இல்ல, பின்னாடி ஸ்டுடியோ பேரும் தேதியும் இருக்கணும். பீஸ் அப்ப பெரியவங்களுக்கு 630 டாலர், குழந்தைக்கு 100, ஆக 1360. அப்பாவோ அம்மாவோ கூட அப்ளை பண்ணினா குழந்தைக்கு 1095 கணக்கு கிடையாது, பிஆர் இருந்தா போதும்.

வீட்டுக்காரருக்கு 2022 ஜூலைலயே நாள் நிறைஞ்சிருச்சு, அவர் 2021ல இங்கயே தனியா கிடந்தார். நீங்க முதல்ல போடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன், எல்லாரும் ஒண்ணா எடுத்துக்கலாம்னு எனக்காக எட்டு மாசம் நின்னார். பாசத்துல செஞ்சதுதான். ஆனா இப்ப என்கிட்ட யாராவது கேட்டா தனித்தனியா போடுங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னு கீழ சொல்றேன்.

டெஸ்ட் 20 கேள்வி, 15 சரியா இருந்தா பாஸ். வீட்டுல இருந்தே ஆன்லைன்ல, கேமரா ஆன்ல இருக்கணும். ஒரு சின்ன புத்தகம் இலவசமா குடுத்திருக்காங்க, அதுக்குள்ளதான் எல்லாம். 1867ல நாலு மாகாணம் சேர்ந்து ஆரம்பிச்சது, 1949ல நியூஃபவுண்ட்லாண்ட் கடைசியா வந்து சேர்ந்தது, 1917ல விமி ரிட்ஜ் சண்டை, 1999ல நுனாவுட். நான் பக்கத்து வீட்டு அக்காகூட உக்காந்துதான் படிச்சேன், யாழ்ப்பாணத்துக்காரங்க, 90கள்ல சிட்டிசன் ஆனவங்க. நியூஃபவுண்ட்லாண்டுன்னு நான் வாசிச்சதும் அவங்க புத்தகத்தை மூடச் சொல்லிட்டு 1986 ஆகஸ்ட்ல அந்தக் கடல்ல ரெண்டு உயிர்காக்கும் படகுல மிதந்துட்டு இருந்த 155 ஈழத் தமிழரை மீன்பிடிக்கப் போனவங்க காப்பாத்தின கதையை சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்த மாகாணம் பேர் எனக்கு மறக்கவே இல்ல. அவங்கதான் கேட்டாங்க, "பிள்ளை, அப்ப உங்கட இந்தியன் பாஸ்போர்ட்டை திருப்பிக் குடுக்க வேணுமோ?" ஆமாக்கா, இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை கிடையாதுன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "எங்களுக்கு திரும்பிப் போறதுக்கு வீடு எண்டு ஒண்டும் மிஞ்சேல்ல. அதால சத்தியம் எடுக்கேக்க நிம்மதிதான் வந்தது. உங்களுக்கு அப்பிடி இல்லையெல்லோ, யோசிச்சுச் செய்யுங்கோ."

ஆகஸ்ட்ல டெஸ்ட் பாஸ் ஆயிட்டேன். செப்டம்பர் 21, 2023, கனடா பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு விசா குடுக்கிறதை இந்தியா நிறுத்திருச்சு. அந்த ரெண்டு மாசம் நான் தூங்கலை. ஓசிஐ வச்சிருக்கிறவங்களுக்கு பிரச்சினை இல்ல, ஆனா சிட்டிசன் ஆகி ஓசிஐ கிடைக்கிறதுக்கு நடுவுல இருக்கிற ஆளுக்கு? ஊர்ல அம்மா ஒத்தை ஆள். அப்பாவுக்கு ஆன மாதிரி ஒரு போன் வந்தா நான் எதை காட்டி உள்ள போவேன்? வித்ட்ரா பண்ணிடலாமான்னு வீட்டுக்காரர்கிட்ட அழுதேன். அக்டோபர் 26ல சில வகை விசா மட்டும் திறந்தாங்க, நவம்பர் 22ல இ-விசா வந்துருச்சு, அப்பதான் மூச்சு வந்துச்சு.

2024 பிப்ரவரில ஜூம்ல உறுதிமொழி. பட்டுப்புடவை கட்டிட்டு டைனிங் டேபிள்ல உக்காந்திருக்கேன், ஆபீசர் ஒருத்தர் தனியா கூப்பிட்டு அடையாளம் சரிபார்த்துட்டு பிஆர் கார்டை கேமரா முன்னாடி வெட்டச் சொன்னார். அஞ்சு வருஷம் பர்ஸ்ல பத்திரமா வச்சிருந்த கார்டு, சமையல்கட்டு கத்திரிக்கோல்ல ரெண்டு துண்டாச்சு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் மன்னர் சார்லஸ் பேர் சொல்லி உறுதிமொழி, இந்த மண்ணோட பூர்வகுடிகள் உரிமையை மதிப்பேங்கிற வரியும் அதுல இருக்கு, 2021ல சேர்த்தது. அந்த வரி எனக்கு ரொம்ப பிடிச்சது, மனசார சொன்னேன். பதினாலு வயசுக்கு கீழ இருக்கிறவங்க உறுதிமொழி எடுக்க வேண்டாம், ஆனா பொண்ணும் கையைத் தூக்கிட்டு நின்னா.

இப்ப அந்த தனித்தனி விஷயம். உறுதிமொழி எடுத்த நிமிஷத்துல இருந்து இந்தியக் குடியுரிமை தானா போயிடும், 1955 சட்டத்துல 9வது பிரிவு. பிஆர் கார்டு துண்டாயிருச்சு. இந்தியன் பாஸ்போர்ட் அலமாரில இருந்தாலும் அதுல பயணம் பண்ணக் கூடாது. கனடா பாஸ்போர்ட்டுக்கு சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட் வேணும், எங்களுக்கு அது தபால்ல வர வேண்டியிருந்துச்சு. எங்களுக்கு மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல, வீட்ல ஒருத்தராலயும் எங்கயும் போக முடியாத நிலைமை. அதுக்கப்புறமும் இந்தியா போக விசா வேணும், அதுக்கு பழைய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணின சர்டிபிகேட் வேணும். ரெண்டு பேரும் வேற வேற நேரத்துல அப்ளை பண்ணியிருந்தா ஒருத்தர் கைலயாவது பழைய பாஸ்போர்ட்டும் பிஆர் கார்டும் இருந்திருக்கும். நல்லவேளை, அம்மா நல்லா இருந்தாங்க.

சரண்டர் பண்ணினதும் பழைய பாஸ்போர்ட்டை கேன்சல் முத்திரை குத்தி திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பா ஆசைப்பட்டு தட்கல்ல எடுத்துக் குடுத்த பாஸ்போர்ட் அது. 2024 செப்டம்பர்ல ஓசிஐ வந்துச்சு. ஆயுசுக்கும் விசா மாதிரி, ஆனா ஓட்டு இல்ல, அரசு வேலை இல்ல. நிலம் பத்தி நிறைய பேர் பயமுறுத்துவாங்க. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாதுதான், ஆனா வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியர்களாலயும் அது முடியாது, சிட்டிசன் ஆனதால புதுசா போனது இல்ல அது. வாரிசா வர்றதுக்கு தடை இல்ல. அப்பாவோட ரெண்டு ஏக்கர் விஷயத்துல இதை தெளிவா கேட்டு தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்குத்தான் அம்மாவும் நிம்மதியா பேசினாங்க.

ஓசிஐ வர்றதுக்கு முன்னாடி, 2024 ஏப்ரல் 19ம் தேதி தமிழ்நாட்டுல தேர்தல். முந்தின வாரம் அம்மா போன் பண்ணாங்க, "உன் பேருக்கும் சேத்து பூத் சிலிப் குடுத்துட்டு போயிருக்காங்க, வச்சிருக்கவா?" நான் இப்ப ஓட்டு போட முடியாதும்மா, பேரை எடுக்கச் சொல்லணும்னேன். "சரி, இருக்கட்டும்"னு சொல்லிட்டு அப்பா போட்டோவுக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டாங்க.

2025 ஏப்ரல் 28, இங்க முதல் தடவை ஓட்டு போட்டேன். பக்கத்து ஸ்கூல் ஜிம்ல, பென்சில்ல பெருக்கல் குறி போட்டு மடிச்சு பெட்டில போடணும். பக்கத்து வீட்டு அக்காதான் கூட வந்தாங்க. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணினேன், விரலை காட்டுன்னாங்க. இங்க மை வைக்க மாட்டாங்கம்மான்னேன். அப்ப போட்டதுக்கு என்ன அடையாளம்னு கேட்டாங்க.