மீன் தொட்டிக்குப் பின்னால் எதை ஒட்டுவது? போஸ்டர், பெயின்ட், ஸ்டிக்கர், தெர்மாகோல் எல்லாம் பார்த்தாச்சு

எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு நான் முதன்முதலாக ஒட்டிய பேக்ரவுண்ட் சரியாக நாலு மாதம் நின்றது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று கடைகளில் ரெடியாகக் கிடைக்குமே, அந்தத் தொட்டிதான். தொட்டியோடு சுருட்டிக் கொடுத்த போஸ்டரில் ஒரு பக்கம் பவளப்பாறையும் கோமாளி மீனும், மறுபக்கம் பச்சைச் செடிகளும் இருந்தன. பவளப்பாறைப் பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து நாலு மூலையிலும் செல்லோ டேப் போட்டேன். எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், தென்கடல் பக்கம். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஏறியதும் காற்றோடு வந்த உப்பு டேப்பின் ஓரத்தில் பிசுபிசுவென்று உட்கார்ந்தது, ஒரு மூலை கழன்று தொங்கியது, தண்ணீர் மாற்றும்போது சிந்தியதெல்லாம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இறங்கிக் காய்ந்து திட்டுத் திட்டாகப் பூத்தது. படத்தில் இருந்த கோமாளி மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் என் தொட்டிகள், ராமநாதபுரத்தில் அக்கா வீட்டுத் தொட்டி, கீழக்கரையில் மச்சான் செய்த ஒரு விபரீதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் வீடியோவில் சொல்வதை இங்கே அப்படியே செய்தால் பாதிதான் பலிக்கும். இந்தக் கடற்கரையில் எது அழகு என்பதைவிட, உப்புக்காற்றையும் உப்புத் தண்ணீரையும் எது தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

போஸ்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். விலை குறைவு, ஐந்து நிமிட வேலை, பிடிக்காவிட்டால் கழற்றிப் போட்டுவிடலாம். வாடகை வீடு, அடிக்கடி மாற்றல் என்று இருப்பவர்களுக்கு இது போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் டேப் போட்டு நிறுத்தினால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருந்துகொண்டே இருக்கும், வினையே அதில்தான். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பாருங்கள், பின்கண்ணாடி வெள்ளித் தகடு மாதிரி மின்னும், படமே தெரியாது. தண்ணீருக்குள் போகும் வெளிச்சம் பின்கண்ணாடியைத் தாண்டிக் காற்றில் நுழைய முடியாமல் முழுசாகத் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். நேர் எதிரே நின்று பார்த்தால் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் படம் சற்று வெளிறி, இரண்டாம் பிரதி எடுத்தது மாதிரி இருக்கும்.

இதற்கு ஊரறிந்த வைத்தியம், கண்ணாடியில் எண்ணெய் தடவிப் படத்தை அதன்மேல் ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால் காற்றை வழித்துத் தள்ளுவது. செய்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். அம்மா எட்டிப் பார்த்து, "தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்லைங்கிறேன், நீ மீனுக்குத் தேய்க்கிறியாக்கும்" என்றார். படம் உண்மையிலேயே பிரமாதமாகத் தெரிந்தது, அதை மறுக்க மாட்டேன், நிறமெல்லாம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பது போல் ஆழமாக வந்தது. மூன்றாம் நாள் சுவரிலிருந்து ஸ்டாண்ட் வரைக்கும் எறும்பு வரிசை. சரி என்று அதை வழித்துவிட்டு மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கித் தடவினேன். கிளிசரின் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் சரக்கு, எங்கள் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி மழைக்குள் அது நீர்த்துப்போய் அடியில் வழிந்து ஸ்டாண்ட் பலகையை ஊற வைத்தது. இதைவிட முக்கியமாக, தாளில் அச்சடித்த படத்துக்கு இந்த எண்ணெய் வித்தையே கூடாது, பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மட்டும்தான்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. கோல்டு ஃபிஷ் நன்னீர் மீன், கெண்டை வகை. அதன் பின்னால் பவளப்பாறை நிற்பதைப் பார்த்தால், கடல் பார்த்தே வளர்ந்தவனுக்குப் பனங்காட்டுக்குள் திமிங்கலம் நிற்கிற மாதிரி இருக்கிறது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மீன் எங்கடா? ஒரே படமாத்தான் தெரியுது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பார்த்த மீன்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன, பின்னால் என்ன இருந்தது என்பது சுத்தமாக நினைவில்லை. பேக்ரவுண்ட் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு பெயின்ட்டுக்கு, அதிலும் கருப்புக்கு. பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷன் அடித்துவிட்டால் காற்று இடைவெளி என்ற பேச்சே இல்லை, பெயின்ட்டே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஃபில்டர் குழாய், ஒயர், ஏர் டியூப் எல்லாம் இருட்டுக்குள் மறைந்துவிடும். சிவப்பு, ஆரஞ்சு மீன்கள் எடுப்பாகத் தெரியும். பல மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தோல் செல்களுக்குள் இருக்கும் நிறமியைப் பரப்பியும் குவித்தும் கொள்கின்றன, வெளிறிய பின்னணியில் வெளிறிப்போன மீன் கருப்புக்கு மாறிய பின் நிறம் ஏறி நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீலமும் கெட்டதில்லை, தூரம் இருப்பது போல் ஒரு மயக்கம் தரும், ஆனால் மட்டமான நீலம் அடித்தால் நீச்சல்குளம் மாதிரி ஆகிவிடும்.

அடிக்கும் விதம் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தொட்டி காலியாக இருக்க வேண்டும். நம் ஊரில் சும்மா வைத்திருக்கும் கண்ணாடியில்கூட விரல் வைத்து இழுத்தால் மெல்லிய உப்புப் படலம் வரும், கண்ணுக்குத் தெரியாது, நாக்கில் வைத்தால் தெரியும். அதன்மேல் அடித்த பெயின்ட் ஓரத்திலிருந்து தோல் உரிவது போல் உரியும், என் முதல் தொட்டியில் அப்படித்தான் ஆனது. முதலில் நல்ல தண்ணீரால் துடைத்து, அப்புறம் வினிகரால் துடைத்து, காய்ந்ததும் இன்னொரு தடவை வெறும் துணியால் துடையுங்கள். மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் மாஸ்கிங் டேப் போட்டுக்கொண்டு, சின்ன ஃபோம் ரோலரால் மெல்லிசாக ஒரு பூச்சு. அதைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், கோடு கோடாக, ஏதோ வெள்ளையடிக்கத் தெரியாதவன் அடித்த சுவர் மாதிரி கேவலமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தில் அங்கேயே தடியாக அள்ளி அப்பினால் பின்னால் பாளம் பாளமாக வரும். நன்றாகக் காயவிட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. சித்திரை வெயிலில் ஒரே நாளில் மூன்றும் முடிந்துவிடும், மழைக்காலத்தில் ஒரு பூச்சுக்கு ஒரு நாள் வையுங்கள். கடைசியில் பின்பக்கம் டார்ச் அடித்து முன்னால் நின்று பாருங்கள், ஊசி ஊசியாக வெளிச்சம் வரும் இடங்களில் மட்டும் ஒரு தொடு தொட்டால் போதும்.

எடுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரில் ஈரத்துணியை நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டி வைத்துவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வந்துவிடும். எனாமல் பெயின்ட்டும் அடிக்கலாம், ஈரம் நன்றாகத் தாங்கும், ஆனால் நாத்தம் நாலு நாள் போகாது, எடுப்பதும் பாடு. எந்தப் பெயின்ட்டானாலும் தொட்டிக்கு உள்பக்கம் கூடவே கூடாது.

கருப்புக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் மட்டம் இறங்க இறங்கக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும், கருப்பின் முன்னால் அது ரயில் தண்டவாளம் மாதிரித் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினால் குறையும். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் மீனுக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. வினிகர் தொட்ட துணியை வைத்து வாரம் ஒருமுறை அந்தக் கோட்டைத் துடைக்கிறேன்.

பெயின்ட்டுக்கு நேர் போட்டி என்றால் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் கிடைக்கும் கருப்பு வினைல்தான். பளபளப்பில்லாத மேட் ரகமாகக் கேளுங்கள். கண்ணாடியைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, கண்ணாடியில் ரெண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஸ்டிக்கரை மேலே போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். தெளிக்காமல் உலர்வாக ஒட்டினால் குமிழி நிச்சயம், நானே ஊசியால் குத்திக் குத்தி ஒரு சாயங்காலத்தை வீணாக்கியிருக்கிறேன். ஒட்டி முடித்தால் பெயின்ட்டைவிட வழவழப்பான கருப்பு, சிந்தும் தண்ணீருக்கும் அசராது. அக்கா வீட்டில் இதுதான். அங்கே மேற்கு ஜன்னல் வெயில் படும் பக்கத்து ஓரம் மட்டும் சுருங்கி எழும்பியிருக்கிறது, மலிவான சரக்கு வாங்கியதன் பலன். பெயின்ட்டா வினைலா என்று என்னைக் கேட்டால், கை நிதானம் உள்ளவர்களுக்கு வினைல், தப்பு செய்தால் திருத்த வேண்டும் என்கிறவர்களுக்குப் பெயின்ட். நான் இரண்டாவது ரகம்.

அடுத்தது தெர்மாகோலை வெட்டிச் செதுக்கி சிமென்ட் பூசிப் பாறை மாதிரி உள்ளே ஒட்டும் முப்பரிமாணப் பேக்ரவுண்ட். நன்றாக அமைந்தால் இதற்கு நிகர் எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மச்சான் கதையைக் கேளுங்கள். இரண்டடிக்கு ஓரடி, இரண்டு அங்குலத் தடிமனில் தெர்மாகோல், சிலிக்கானை நாலு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி வைத்து ஒட்டினார். அந்தப் பலகை விலக்கும் தண்ணீர் ஒன்பது லிட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ கனம் எந்நேரமும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், சிமென்ட் பூச்சு அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். ராத்திரி ஒரு மணிக்கு டொம்மென்று சத்தம். பாறை எழும்பி மூடியைத் தூக்கி, லைட் தண்ணீருக்குள் விழுந்து, ஃபியூஸ் போய், நல்லவேளை யாரும் கையை விடவில்லை.

செய்யத்தான் போகிறீர்கள் என்றால் சிலிக்கானை முழுப் பரப்பிலும் நெளிநெளியாக இழுத்து ஒட்டுங்கள், பாத்ரூமுக்கென்று பூஞ்சை மருந்து கலந்து வரும் சிலிக்கான் வேண்டாம், அது மீனுக்கு விஷம். தடியாக வைத்த சிலிக்கான் உள்ளே இறுக ஒரு வாரம்கூட ஆகும். சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும், அதனால் தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டும். கப்பி, மோலி என்றால் கடினத் தண்ணீரைத் தாங்கும், நியான் டெட்ரா மாதிரி மென்மையான தண்ணீர் கேட்கும் மீன்களுக்கு நம் போர் தண்ணீரே அதிகம், அதில் சிமென்ட்டும் சேர்ந்தால் அவ்வளவுதான். போதாததற்கு பாறைக்குப் பின்னால் சின்னச் சந்து இருந்தாலும் கப்பிக் குஞ்சு அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

"எதுக்குப்பா செயற்கைப் பாறை, கடற்கரையில ஒதுங்கிக் கிடக்கிற பவளத்தை அடுக்கினா போச்சு" என்று இங்கே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள் என்பது நிஜம். 2001ல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டது, செத்த துண்டானாலும் எடுத்து வந்து வைப்பது குற்றம். தவிர அதுவும் சுண்ணாம்புதான், நன்னீர்த் தொட்டிக்குச் சிமென்ட் செய்யும் வேலையையே மெதுவாகச் செய்யும்.

கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும் ஷீட் ஒன்று விற்கிறது, தொட்டி இரண்டு மடங்காகத் தெரியும் என்பார்கள். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், அது தன் நிழலோடு சண்டை போட்டே ஓய்ந்துபோகும். பனையோலைப் பாயைப் பின்னால் தொங்கவிட்டும் பார்த்தேன், பழுப்பு நிறமும் பின்னலும் கொள்ளை அழகு, கார்த்திகை முடிவதற்குள் பூஞ்சை பிடித்தது. பனிக்கண்ணாடி ஃபிலிம் ஒட்டிப் பின்னால் எல்இடி வைப்பது செடி வளர்க்கிறவர்களின் ஆசை, பாசி படிந்தால் அப்பட்டமாகத் தெரியும், தினமும் துடைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு ஆகும்.

ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி மீன் விட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். இரண்டடித் தொட்டிக்கே 56 லிட்டர் தண்ணீர், கண்ணாடியும் மணலும் சேர்த்தால் எழுபது கிலோவுக்கு மேல், அதை நகர்த்தினால் ஒட்டு விட்டுப்போகும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் விரல் போகும் இடம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பேனர் கடையில் கருப்பு சன்பேக் அட்டை கிடைக்கும், உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. அளவுக்கு வெட்டி மேலிருந்து சும்மா இறக்கிவிடுங்கள், டேப் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பெயின்ட்டின் ஆழம் வராது, பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளித் தகடு மின்னல் இருக்கத்தான் செய்யும். ஆனால் உப்புப் பிடித்தால் உருவி, குழாயடியில் கழுவி, உதறிவிட்டுத் திரும்பச் செருகிக்கொள்ளலாம். என் மூன்றாவது தொட்டியில் இப்போது அதுதான் நிற்கிறது, போன கச்சானில் இரண்டு தடவை கழுவினேன்.