கழுத்துல ஊசி மூணு நாள்ல கெடச்சுது, பேச ஆள் கெடைக்கல

லீவுக்கு வந்த எடத்துல கல்யாண வீடு, கோயில், பேங்க் வேல எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அத விடுங்க. எங்க அத்தான் விஷயம் தான் மனசுல கெடந்து அறுக்குது.

அத்தான் தூத்தூர் பக்கம், ஆழ்கடல் தொழில். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல கவுந்த வள்ளத்தப் புடிச்சுட்டு ரெண்டு ராத்திரி கெடந்து வந்தவரு, கூடப் போன நாலு பேரு வரல. இன்னைக்கும் ராத்திரி ஓட்டுமேல மழை சடசடன்னு விழுந்தா எந்திரிச்சு கதவு நெலயப் புடிச்சுட்டு நிப்பாரு, அக்கா தான் வெரல் வெரலா எடுத்து விடணும்.

நான் இருக்க லண்டன்ல இந்த மாதிரி மனசுல தங்குன அதிர்ச்சிக்கு (PTSDன்னு சொல்லுவாங்க) மனநல ஆளுகிட்ட பேசுற சிகிச்சை தான் மொதல்ல, 8லருந்து 12 தடவ, ஆனா வரிசைல மாசக்கணக்கா கெடக்கணும், கழுத்து ஊசி அங்க இதுக்கு லேசுல கெடைக்காது. நாகர்கோவில்ல ஒரு வலி கிளினிக்ல மூணே நாள்ல போட்டுட்டாங்க! ஸ்டெல்லேட் கேங்லியன் பிளாக்னு பேரு. அல்ட்ராசவுண்ட்ல பாத்துட்டே கழுத்து வலது பக்கம் மரப்பு மருந்து, உடம்ப எப்பவும் பதட்டத்துலயே வச்சிருக்க நரம்புக் கூட்டத்த கொஞ்ச நேரம் அடக்கி வைக்குமாம். வெளிய வந்தா அத்தானுக்கு வலது இமை சரிஞ்சு, கண்ணு செவந்து, கொரலும் கம்மிட்டு. அக்கா வாதம் வந்துட்டுன்னு அழுதுட்டா. டாக்டரே வந்து பக்கத்துல உக்காந்து "ஊசி சரியான எடத்துல விழுந்ததுக்கு இதாம்மா அடையாளம், சில மணி நேரத்துல சரியாயிரும்"னு பொறுமையா சொன்னாரு. லண்டன்ல கூட அப்பிடி உக்காந்து சொல்லி நான் பாத்ததில்ல.

அப்புறம் கவுண்டர்ல போயி கவுன்சலிங்குக்கு எப்ப வரணும்னு கேட்டேன். "ஊசி போட்டாச்சுல்லா சார், இனி என்னத்துக்கு பேச்சு?"

எனக்கு சுள்ளுன்னு ஏறிட்டு. அமெரிக்கப் படைவீரங்க 113 பேர வச்சு இந்த ஊசிய பத்தி செஞ்ச ஆய்வு 2020ல வந்துது, ரெண்டு வாரம் விட்டு ரெண்டு ஊசி, 8 வாரத்துல அதிர்ச்சி பாதிப்ப அளக்குற மதிப்பெண் 12.6 எறங்கிச்சு, ஒப்பிட்டுப் பாக்க மரப்பு மருந்தில்லாத சும்மா ஊசி போட்டவங்களுக்கே 6.1 எறங்கிச்சு. அதுக்கு முன்ன 2016ல வந்த ஆய்வுல நெஜ ஊசிக்கும் சும்மா ஊசிக்கும் வித்தியாசமே தெரியல. ஊசிய மட்டும் நம்பி எப்பிடிங்க இருக்கது? படபடப்பு அடங்கியிருக்க நேரத்துல அந்த ரெண்டு ராத்திரியையும் அவர மெல்ல வாய்விட்டு சொல்ல வைக்கணும், திரும்பத் திரும்ப, 90 நிமிஷம் கூட உக்காந்து, அதுக்குப் படிச்ச ஆளு வேணும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, அங்க போங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுக்க இங்க ஆளில்ல. அரசு மனநல உதவி எண் 14416க்கு நானே போன் போட்டேன், தமிழ்ல நல்லா பேசி வழி சொன்னாங்க. கடைசில ஒரு சைக்காலஜிஸ்ட் கெடச்சாங்க, மூணு வாரம் கழிச்சு தான் தேதி. எனக்கு ஞாயித்துக்கெழம பிளைட்டு.

நேத்து ராத்திரி மழை. அத்தான் கதவுகிட்ட போவல, திண்ணைல வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. "தண்ணி சூடா தான் இருந்துது மாப்ள, காத்து தான் குளுரு"ன்னாரு. ஏழு வருசத்துக்கு மேல ஆச்சு, இப்ப தான் வாய் தொறக்காரு. அடுத்து என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல.