இரண்டு டிஸ்க் போடும் யுஎஸ்பி டாக்: வேகம் சரி, அடையாளம்தான் குழப்பம்

கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஓடுவது உபுண்டு என்கிற லினக்ஸ். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு: ஒன்று அசல், மற்றது பேக்கப். இரண்டையும் செருகி வைக்க சென்னை ரிச்சி தெருவில் 3,400 ரூபாய்க்கு இந்த டாக்கை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

வேகத்தில் குறையில்லை. ராத்திரி முழுக்க ஓடினால் டிஸ்க் நன்றாகச் சுடும், டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

வைகாசியில் ஒரு முகூர்த்தம் முடிந்து வந்து, படங்களை அசலில் இறக்கிவிட்டுப் படுத்தேன். ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் வழக்கம்போல, அசலைப் பேக்கப்பில் நகலெடுக்கும் ஆர்சிங்க் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது பழைய பேக்கப்பை எடுத்து அசலின் மேல் எழுதிவிட்டது. பேக்கப்பில் இல்லாததை அழிக்கும் ஆப்ஷன் வேறு போட்டிருந்தேனா, முந்தைய நாள் படம் ஒன்றுகூட இல்லை. மெமரி கார்டை ஃபார்மட் செய்யாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

பாதித் தப்பு என்னுடையது. லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயரை நம்பி, எஸ்டிபி (sdb) அசல், எஸ்டிசி (sdc) பேக்கப் என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தேன். லினக்ஸின் மையமான கர்னல், கடைசியில் வரும் அந்த பி, சி எழுத்துகளை டிஸ்க் கண்ணில் படுகிற வரிசையில்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்ததில் இரண்டும் இடம் மாறிவிட்டன. ரேஷன் கடை டோக்கன் மாதிரி: இன்றைக்கு 2ஆம் நம்பர் எனக்கு, நாளைக்கு வேறு யாருக்கோ.

மீதிப் பாதி டாக்கின் தப்பு. மாடலையும் சீரியல் நம்பரையும் சேர்த்து மாறாத பெயர் வைக்க லினக்ஸில் யுடெவ் இருக்கிறது. டிஸ்க் லேபிளில் ஆளுக்கொரு சீரியல் அச்சாகியிருக்கிறது. ஆனால் டிஸ்கை யுஎஸ்பியோடு இணைக்க டாக்கின் நடுவில் இருக்கும் இரண்டு பிரிட்ஜ் சிப்களும் ஒரே சீரியலைக் கர்னலிடம் சொல்கின்றன! யுடெவ் வைக்கும் பெயர்கள் இருக்கும் 'பை-ஐடி' ஃபோல்டரில் இரண்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். அது எந்த டிஸ்கைக் காட்டும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். கடையில் கேட்டால், "விண்டோஸ்ல போட்டுப் பாருங்க சார்."

கடைசியில் யுயுஐடிக்கு மாறினேன். அது ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்படும் 128 பிட் எண். டாக் என்ன பொய் சொன்னாலும் மாறாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதோடு 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை) என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் டாக்கை ஆன் செய்ய மறந்த நாளில் கம்ப்யூட்டர் 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. இந்த டாக், டிஸ்கைப் பிரித்து எண்ணும் துண்டான செக்டரை 512 பைட்டாகக் காட்டாமல் 4096 பைட்டாகக் காட்டுகிறது. இதில் ஃபார்மட் செய்த டிஸ்கைக் கழற்றி நேராக சாட்டா கேபிளில் மாட்டினால் காலி டிஸ்க் போலத் தெரியும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி அட்டவணையின் தலைப்பு இரண்டாம் செக்டரில் இருக்கும். டாக்கின் கணக்கில் அது 4096ஆம் பைட், மதர்போர்டோ 512இல் தேடுகிறது. படம் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் என் உதவிப் பையன் 'புது டிஸ்க்தானே அண்ணா, ஃபார்மட் பண்ணிடவா' என்று மவுஸை நகர்த்திவிட்டான். டாக் செத்தால் இதே மாதிரி இன்னொன்றைத் தேட வேண்டும். ஒரு நட்சத்திரம் இதற்காகவே போனது.

முன்பக்கம் ஒரு குளோன் பட்டன் உண்டு, கம்ப்யூட்டர் இல்லாமலே டிஸ்கை அப்படியே நகலெடுக்கும். அப்படியே என்றால் யுயுஐடியும் சேர்த்து. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் ஒரே யுயுஐடி உள்ள இரண்டாவது டிஸ்கை மவுன்ட் செய்ய (இணைக்க) மறுக்கும். என்னுடையது எக்ஸ்ட்4, வாயே திறக்காது. டியூன்2எஃப்எஸ் என்கிற கமாண்டை வைத்து நகலுக்குப் புது எண் கொடுத்தேன். அன்றைக்கே பட்டன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியாயிற்று.